திடலுக்கு வந்தவன்

எங்கள் காற்பந்துக் குழுவுக்குச் சட்டதிட்டம் எழுதிய தாள் எதுவும் கிடையாது. சங்கப் பதிவும் இல்லை. தங்கா பத்துப் பக்கம் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களின் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. இப்போது அவர்களின் தம்பிகளும் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி. திடலின் ஒரு மூலையில் எப்போதும் மழைத்தண்ணீர் நிற்கும். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் கெட்டிக்காரனுக்கும் புதுசாக வந்தவனுக்கும் ஒரே வேகம்தான்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், நிறுவனத்தின் விழுமியங்கள் என்று ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாலு வருடமாகப் பார்க்கிறேன், மூன்றுதான் ஞாபகம் இருக்கிறது. எங்கள் குழுவில் இருப்பது ஒரே ஒரு விதி. அதை யாரும் மறந்ததில்லை. திடலுக்கு வந்தவன் ஆடுவான், வராதவன் ஆடமாட்டான்.

பயிற்சியாளர் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். இந்த விதியில் மட்டும் அவரிடம் பேரம் நடக்காது. ஒருமுறை அரையிறுதி ஆட்டத்துக்கு எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனை வெளியே உட்காரவைத்தார். அந்தப் போட்டியில் அதுவரை நாங்கள் போட்ட கோல்களில் பாதி அவன் கால் போட்டது. ஆனால் இரண்டு வாரமாகச் சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சிக்கு வரவில்லை. தோற்றோம். அவனே அண்ணனிடம் போய், "சரிதான்ணே, நான் வரல" என்றான். அடுத்த செவ்வாய் முதல் ஆளாக வந்து நின்றான்.

சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. திடலுக்குப் பின்னால் ஒரு கம்பம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கிருந்து ஒரு மலாய்க்காரப் பையன் வேலியோரம் நின்று பார்க்க ஆரம்பித்தான். இடதுகால்காரன். "வர்றியாடா?" என்று யாரோ கேட்க, உள்ளே வந்தவன்தான். மழை பெய்தாலும் மோட்டாரில் வந்துவிடுவான். ஜெர்சி மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கும் முறை அவனுக்கும் வரும். பயிற்சியாளரை அவனும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். நட்புமுறை ஆட்டங்களில் இடது பக்கம் அவனுடையது.

போன தீபாவளிக்கு முன்பு எழுவர் காற்பந்துப் போட்டிக்கான பாரம் வந்தது. கீழே ஒரு வரி: இந்தியர்களுக்கு மட்டும். அடையாள அட்டை நகல் இணைக்க வேண்டும். அன்று ராத்திரி கடையில் உட்கார்ந்து பேசினோம். பையன் ஆட முடியாது என்பது தெரிந்ததுதான். அவன் இடத்துக்குச் சிரம்பானிலிருந்து இரண்டு பேரை இறக்கலாம், ஆளுக்கு நூற்றைம்பது வெள்ளி கொடுத்தால் வருவார்கள் என்று ஒருவன் சொன்னபோதுதான் சூடு பிடித்தது. எங்கள் திடலின் தண்ணீர் மூலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத இரண்டு பேருக்குப் பாரத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வருடமாக வந்தவனுக்கு இல்லை.

இன்னொருவன் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. "அவனுங்களுக்கு ஆடுறதுக்கு ஆயிரம் போட்டி இருக்குடா. நமக்கு இது ஒன்னுதான் இருக்கு." உண்மை. மாநிலக் குழுத் தேர்வுக்குப் போய், முகத்தைப் பார்த்ததோடு திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொல்லும் அண்ணன்மார் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். நமக்கென்று ஒரு மேடை இல்லாவிட்டால் யார் நம்மைப் பார்ப்பது? மீபா என்கிற மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் அப்படி ஒரு மேடையைக் கட்டி, 2017-இல் பிரீமியர் லீக் வரை ஒரு குழுவைக் கொண்டுபோனது. அதே குழு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. அந்த உயரத்துக்குப் போனபோது அதில் எல்லா இனத்தவரும் ஆடினார்கள். 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து ஆடிவிட்டு, அந்தப் பருவத்தோடு லீக்கை விட்டு விலகியது.

இனவாரிச் சங்கம் நாம் கண்டுபிடித்ததில்லை. மலாக்கா நகரத்தில் சுதந்திரப் பிரகடன நினைவகம் என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காட்டுவார்களே, அந்தக் கட்டடம் 1912-இல் வெள்ளைக்காரர்களின் மலாக்கா கிளப்பாகக் கட்டப்பட்டது. கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்களுக்குச் சிலாங்கூர் கிளப், மலாய்க்காரர்களுக்குச் சுல்தான் சுலைமான் கிளப், தமிழர்களுக்கு டிபிசிஏ. கதவு சாத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டின் கதவில் நாம் என்ன எழுதி ஒட்டுகிறோம் என்பது நம் கையில்தானே இருக்கிறது?

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவைப் பற்றிப் பேசாத காற்பந்து ரசிகர் இங்கே இல்லை. கோல்கம்பத்தில் ஆறுமுகம், தற்காப்பில் சந்தோக் சிங், எங்கள் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன். வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் ஹசான் சானி, போட்டவர் ஜேம்ஸ் வோங். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. 'ஓலா போலா' வந்த 2016-இல் திரையரங்கில் கைதட்டியவர்களில் பலர், திரும்பிவந்து இந்தியர்களுக்கு மட்டும், சீனர்களுக்கு மட்டும் என்று பாரம் அடிக்கிறார்கள். எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

ஸ்பெயினில் அத்லெட்டிக் பில்பாவ் குழு நூறு வருடத்துக்கு மேலாகப் பாஸ்க் மண்ணின் ஆட்டக்காரர்களை மட்டுமே சேர்க்கிறது. 'நம்மவன்' என்பதற்கு அதைவிடக் கறாரான குழு கிடைக்காது. அங்கே முன்வரிசையில் ஆடும் இனாக்கி வில்லியம்ஸின் அப்பா அம்மா கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். அவர் பில்பாவோவில் பிறந்து, அந்த மண்ணிலேயே ஆடி வளர்ந்தார். அவர்கள் கணக்கில் அவர் நம்மவர். எங்கள் அண்ணனுக்கு பில்பாவோ எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அன்று கடையில் அவர் சொன்னது கிட்டத்தட்ட அதுதான்: "வெளியாள் யாரும் வேணாம். நம்ம பிள்ளைங்க எத்தன பேரு இருக்கானுங்களோ அத்தன பேரு போவோம்."

ஒன்பது பேர் போனோம். பையனும் கூடவே வந்து தண்ணீர்ப் போத்தல் தூக்கினான். காலிறுதியில், காசுக்கு வந்த நாலு பேர் ஆடிய ஒரு குழுவிடம் மூன்று கோல் வாங்கினோம். அதற்குப் பிறகு எங்களில் இரண்டு பேர் காசு கொடுக்கும் குழுவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவனுக்குப் போன மாதம் குழந்தை பிறந்திருக்கிறது, நூற்றைம்பது வெள்ளி என்பது பால்மாவுக்கு ஆகும்.

ஒரு வருடம் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரையாவது இனம் பார்க்காமல் சேர்க்க அனுமதி கேட்டு ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். நான்தான் தட்டச்சு செய்தேன், பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதால் அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். விதி விதிதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் வந்தது. இந்த வருடப் பாரத்திலும் அதே வரி.

அண்ணன் அந்தப் பாரத்தை நிரப்பவில்லை. அதே வாரம் நடக்கும் திறந்த போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு குழுக்கள், எங்கள் பெயரை யாருக்கும் தெரியாது. முதல் சுற்றிலேயே அடிவாங்கி வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கட்டணம் முந்நூற்றைம்பது வெள்ளி, ஆளுக்கு முப்பத்தைந்து. வியாழக்கிழமைக்குள் கட்ட வேண்டும். இன்னும் நாலு பேர் தரவில்லை.