ரீயூனியன் எவ்வளவு தூரம்?

எங்கள் ஐயப்பன்தாங்கல் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் தெரியும். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் பேரன் கேட்டான்: "தாத்தா, ரீயூனியன் பாட்டி வீடு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

ரீயூனியன் பாட்டி என் அக்கா. அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். ஓய்வுபெற்றதும் இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவில் குடியேறிவிட்டார்கள்.

பேரன் ஃபோனைத் தட்டுவதற்குள் நான் உலக உருண்டையை இறக்கினேன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முசியே சொல்லிக்கொடுத்த வழி இது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரை முதலில் வகுத்தார்கள். ஆகவே அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர். அந்த அளவுக்கு ஒரு நூலை வெட்டி, சென்னையிலிருந்து ரீயூனியனுக்கு இழுத்துப் பிடித்தேன். நூலில் பாதிகூட ஆகவில்லை. ஏறக்குறைய 4,600 கிலோமீட்டர். ஃபோனும் அதையே சொன்னது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

நேரடி விமானமென்றால் ஆறு, ஆறரை மணி நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலை பத்துக்குக் கிளம்பி ஆறரை மணி நேரம் பறந்தாலும், அங்கே மணி மூன்றுதான்.

அந்த விமான நிலையத்தின் பெயர் ரோலான் காரோஸ். டென்னிஸ் மைதானமென்று நினைப்பீர்கள். அவர் 1888இல் அந்தத் தீவில் பிறந்த விமானி. 1913இல் மத்தியதரைக் கடலை நிற்காமல் தாண்டினார். சுமார் 780 கிலோமீட்டருக்கு அவருக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. அதற்கும் முன்னால் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் போனார்கள். பலர் திரும்பவே இல்லை.

எனக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து நேரடி விமானம் பறந்த காலத்தில் அக்கா ஃபோன் பண்ணும்போதெல்லாம், "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா" என்பாள். "பென்ஷன் அரியர் வரட்டும்க்கா", "மழைக்காலம் போகட்டும்க்கா" என்று ஏதாவது சொல்லுவேன். ஆபீஸில் கோப்பைத் தள்ளிப்போட்ட பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது.

2020இல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. அந்த வருஷமே அத்தான் போய்விட்டார். அடக்கத்தை மகனின் ஃபோனில் பார்த்தேன். அக்கா ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். படம் நடுநடுவே உறைந்து உறைந்து நின்றது.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லவில்லை. அவன் நூலைச் சுற்றிக்கொண்டே, "இவ்வளவு கிட்டன்னா நீ ஏன் தாத்தா போகல?" என்றான்.

மறுநாளே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மனுக் கொடுத்தேன். நேற்றுத் தபாலில் வந்துவிட்டது. நேரடி விமானம் கிடைக்காவிட்டால் மொரீஷியஸ் வழியாகப் போகலாம். அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். அக்காவுக்கு எண்பத்திரண்டு. ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டு வா" என்றாள்.