தகரப் பெட்டியிலிருந்து சில கிறுக்கல்கள்



இன்று முதல் நாளுக்கொரு படமாக எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ளவற்றை இங்குப் பகிரவிருக்கிறேன். கொழுந்து எடைச் சீட்டுகள், போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு வந்த பேருந்துகளின் பயணச்சீட்டுகள், பாட்டிக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள், எடைச் சீட்டுகளின் பின்புறம் சிறுவயதில் நான் கிறுக்கிய படங்கள். இவற்றுக்குக் கலைமதிப்பு ஏதுமில்லை. பின் எதற்காக என்று ஆய்வு நண்பர்கள் கேட்கக்கூடும்.

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு ஓரளவு காக்கப்பட்டே இருக்கிறது. மூணாறு நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய எந்திரங்களைக் காணலாம். 1913இல் நாசரேத்துத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்ட சூரியக் கடிகாரமும் அங்கு உண்டு. பழைய நிழற்படங்களில் பச்சைச் சரிவுகளும் அவற்றின்மேல் புள்ளிகளாகப் பெண்களும் தெரிகிறார்கள். ஆனால் லயத்து வீட்டின் உட்புறம் தெரிவதில்லை. ஒளிப்படக் கருவி வைத்திருந்தவர்கள் உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்களிடம் கருவி இல்லை. என் கிறுக்கல்களில் அந்த உட்புறம் இருக்கிறது. அடுப்புக்கு மேலே கொடியில் காயும் நனைந்த கம்பிளி, சுவரோரம் அடுக்கிய விறகு, ஒரே அறையில் யார் எந்தப் பக்கம் படுப்பார் என்பதற்கான அம்புக்குறிகள்.

களப்பணிக்காகப் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செல்லும்போது தமிழ்க் குடும்பங்களின் சொந்த வீடுகளில் பரண்களைக் காண்கிறேன். மூன்று தலைமுறைத் தாள்கள் அங்கே தூங்குகின்றன. 1956 மாநிலச் சீரமைப்பில் இவர்களும் நாங்களும் கேரளத்துத் தமிழரானோம். ஆனால் லயத்தில் பரண் இல்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அம்மா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அந்த லயங்களிலும் இப்படித் தகரப் பெட்டிகள் இருந்திருக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். அச்சேகரிப்பே 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பிறர் எறிவதைச் சேர்ப்பதும் ஆய்வுப்பணியே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

"ஏம்மா, இதப் போயி யாரு பாப்பா?" என்று அம்மா கேட்டார். பிறகு பெட்டியைத் தாமே கிளறி, ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அது பகிரப்படாது. அவருடைய விருப்பமே இத்தொகுப்பின் முதல் விதி. பிறர் பெயர்களையும் அட்டை எண்களையும் மறைத்தே வெளியிடுவேன்.

தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படமெடுங்கள். எந்தத் தாள், எந்த ஆண்டு, யாருடையது என்று அவர்கள் சொல்வதை உடனே எழுதி வையுங்கள். தாள் இருந்தாலும் சொல்பவர் இல்லாமற்போனால் பாதி அழிந்ததுதான்.

முதல் படம்: அம்புக்குறிகள் போட்ட எங்கள் வீடு.