கதைதானே என்றேன்!

"கதைதானே! அதைப் படித்து ஆகப் போவது என்ன?"

இப்படிக் கேட்டவன் நானே. கேட்ட இடம், அண்ணாகிராமத்தில் எங்கள் படிப்பகம். பலாவும் முந்திரியும் செழிக்கும் பண்ருட்டி வட்டாரத்திலே, பகலெல்லாம் தோப்பிலும் கடையிலும் உழைத்த தோழர்கள் மாலையிலே அங்கு கூடுவர், ஏடுகளைப் புரட்டுவர், வாதிடுவர். அன்று நாவல் ஒன்றை ஏந்தி வந்த இளைஞனைத்தான் நான் மடக்கினேன். புராணமும் கதை, இதுவும் கதை. பொய்யை விரட்டப் புறப்பட்ட நமக்கு இன்னொரு பொய் ஏன் என்றேன். கூடியிருந்தோர் கைதட்டினர்.

இளைஞன் சீறவில்லை. "புராணம் நம்மை வீழ்த்தியது எதனாலே, அண்ணே? சாத்திரத்தைப் படித்தா நம் பாட்டன் அடிமையானான்? அவன் கேட்டதெல்லாம் கதைதானே! அத்துணை வலிவுள்ள படைக்கலத்தை எதிரியின் கையிலேயே விட்டுவிடலாமா?" என்றான்.

கைதட்டல் பெற்றவன் நான்; விடை கூற இயலாமல் வீடு திரும்பியவனும் நானே!

அன்றிரவு ஒரு முடிவு செய்தேன். ஓராண்டுக் காலம், அறிவு நூல் ஒன்று, அதையடுத்துக் கதை நூல் ஒன்று என மாறி மாறிப் படிப்பது. படித்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நம்மவர் செலுத்திவரும் நூலக வரியின் பயனை நான் முழுமையாகப் பெற்றது சென்ற ஆண்டிலேதான். ஆண்டு முடிவிலே எண்ணிப் பார்த்தேன். 24 நூல்கள். அவற்றுள் என்னை உலுக்கிய சிலவற்றை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் வரலாறு. காடழித்து மலையைப் பொன்னாக்கிய அம்மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இல் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் உடன்பாடு கண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பார்ப்போம் என்றனர். சந்தையிலே மாடுகளைப் பங்கிடுவதுபோல மக்களைப் பங்கிட்டனர்! இக்கணக்கை நான் மேடையிலே பன்முறை முழங்கியவன். கணக்கு என் நாவிலே இருந்தது, நெஞ்சிலே இருந்ததா? இல்லை என்பதைப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்த அன்றுதான் உணர்ந்தேன். 1906இல் நம் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தவர் அவர். அந்தக் கதையிலே தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன மருதி படும் பாட்டைக் கண்ட பிறகு, அந்த ஐந்தேகால் லட்சம் எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் ஒரு மருதியின் பேரப்பிள்ளையாகத் தோன்றினர்.

அடுத்து, பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலை மீண்டும் எடுத்தேன். கற்பு என்ற சொல்லைப் பெண்ணுக்கு மட்டும் விலங்காக்கியது எந்த நீதி என்று முதல் அத்தியாயத்திலேயே கேட்கிறார். அதன் பக்கத்திலே ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தை வைத்தேன். தோழர் ஒருவர் சினந்தார். "நம் இயக்கத்தைச் சாடியவர் எழுத்து நமக்கேன்?" என்றார். எதிர்த்தவன் எழுத்தைப் படிக்க அஞ்சுகிறவன் பகுத்தறிவாளனா, தோழர்களே? கடலூர் மஞ்சக்குப்பத்திலே பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஞானபீடப் பரிசுவரை உயர்ந்தவர் அவர். மழைநாளில் கெடுக்கப்பட்டு வீடு வந்த மகளின் தலையிலே தாய் நீரை ஊற்றி, நீ தூயவளே என்கிறாள். படித்துக் கலங்கினேன். கலங்கிய பின் பெரியாரின் நூல் என்னை ஒரு கேள்வி கேட்க வைத்தது. மாசே இல்லாதவளுக்கு நீராட்டு ஏன்? அதுவும் ஒரு சடங்குதானே? கதை என்னை அழவைத்தது; அறிவு நூல் அழுத கண்ணைத் துடைத்து எண்ணவும் வைத்தது.

இவ்விரண்டும் என்னைத் திருத்தின. மூன்றாவது என்னைத் தலைகுனிய வைத்தது.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரை, அழைத்தவர்களே அஞ்சிப் பின்வாங்கியதால் பேசப்படாமலே போயிற்று. அவரே அதை அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழிலே வெளியிட்டுப் பரப்பினார். சாதி என்பது படிக்கட்டு முறை. மேல்படியில் மிதிபடுகிறவன் தன் கீழ்ப்படியில் இருப்பவனை மிதித்து ஆறுதல் பெறுகிறான். ஆகவேதான் அனைவரும் சேர்ந்து அதை இடிக்க வருவதில்லை என்ற உண்மையை அங்கே காண்கிறோம். ஆயிரம் முறை சொன்ன கருத்துதான்.

பின்னர் 1994இல் வெளிவந்த 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்தேன். எழுதியவர் இமையம், நம் கடலூர் மாவட்டத்துக்காரர். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுத்து, வீடுவீடாகச் சோறு வாங்கி, களத்துமேட்டிலே தானியத்துக்குக் காத்து நிற்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டோரின் காலடியிலும் ஒருத்தி! படித்துக்கொண்டிருந்தபோதே ஏட்டை மூடினேன். ஏனெனில் அவளை நான் அறிவேன். எங்கள் வீட்டுச் சாவுக்கும் வாழ்வுக்கும் வந்து துணி எடுத்துப் போகும் ஒரு மூதாட்டி உண்டு. என் தாயினும் மூத்தவர். சாதி ஒழிப்பு மாநாடுகளிலே முழங்கிய நான், அவரை "வா" "போ" என்றே அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் என்ன? எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாகத் தெரியாது!

அடுத்த முறை அவர் வந்தபோது, "வாங்கம்மா, உட்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தார், தமக்குப் பின்னே வேறு யாரோ வந்து நிற்பதாக எண்ணி!

தோழர்களே, அந்த ஒரு பார்வை என் சொற்பொழிவுகள் அனைத்தையும் செல்லாக்காசாக்கிற்று. "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. நான் திருந்தியதற்கு அவர் பெயர் விளம்பரமாக வேண்டா.

கதை போதும் என்று நான் கூறவில்லை. அறிவு நூல் துணையில்லாத கதை நம்மைப் புராணத்திலே கொண்டுபோய்த் தள்ளிற்று. ஆனால் கதையைத் தீண்டாத அறிவு, மேடையிலே முழங்கிவிட்டு வீட்டு வாசலிலே ஊமையாகிவிடுகிறது. அறிவு நூல் நோயின் பெயரைக் கூறுகிறது. நல்ல கதை, அந்த நோய் என் உடலிலேயே இருக்கிறது என்று காட்டுகிறது.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலே 25ஆம் எண்ணைப் போட்டுவைத்திருக்கிறேன். அன்று படிப்பகத்திலே நான் மடக்கிய இளைஞனிடம் போய், "தம்பி, அன்று நீ வைத்திருந்த நாவலைக் கொடு" என்று கேட்கப் போகிறேன், கைதட்டியவர்கள் அனைவரும் கூடியிருக்கும் மாலை நேரத்திலே.