தார்சாவில் ஓர் இரவு!

ஜூன் பிறந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தி தவறாமல் வரும். 'குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை!' தண்ணீர் குறைந்ததும் அதையே 'தடை நீக்கம்!' என்று மாற்றுவோம். மூன்று வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனால், குற்றாலச் சாரலில் நனைந்ததே இல்லை. போன சீசனில் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆச்சி பிறந்த ஊர் பக்கத்தில்தான், இலஞ்சி.

அருவிக்கரை லாட்ஜ் வேண்டாமென்று, செங்கோட்டைக்கு வெளியே, வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த பழைய பண்ணை வீட்டில் தங்கினோம். நூறு வயது தாண்டிய ஓட்டு வீடு. இப்போது ஹோம் ஸ்டே.

"இதக் கட்டும்போது செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்துச்சு. 1956 நவம்பர் 1-லதான் இந்தப் பக்கம் சேந்துச்சு" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி. அவர் சுற்றிக்காட்டுவதற்குள் ஆச்சி முந்திக்கொண்டாள். "இது தார்சா, உள்ள பட்டாசல், அந்தால அடுப்பங்கரை, மேல மச்சு..."

இலஞ்சியில் அவள் வளர்ந்த வீடும் இதே அமைப்புதான். பாகம் பிரிக்க முடியாமல் விற்றார்கள். இடித்துவிட்டுக் கடை கட்டிவிட்டார்கள். அதில் ஆச்சிக்கு வந்த பங்கில்தான் என் ஜர்னலிசம் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டினோம்.

ராத்திரி ஓட்டில் மழை கொட்டியது. ஏசி அறையை எனக்கு விட்டுவிட்டு, ஆச்சி தார்சாவில் பாய் விரித்தாள். கொஞ்ச நேரத்தில் நானும் தலையணையோடு அங்கே போய்விட்டேன்.

காலையில் இட்லியும் எள்ளு மிளகாய்ப் பொடியும் பரிமாறியபடி அண்ணாச்சி சொன்னார்: "உத்தரத்துல கரையான். ஓடு மாத்த ஆள் கெடைக்கல. நாலு பேரு வந்து தங்குனாத்தான் வீடு நிக்கும்."

ஐந்தருவிக்குப் போகும் வழியில், ரசிகமணி டி.கே.சி. பற்றி ஆச்சியிடம் சொன்னேன். 1954-ல் மறையும்வரை அவருடைய குற்றாலம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தபடி இருந்தார்கள். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்குவார்கள். கம்பன் பாட்டும் சாப்பாடும் சேர்ந்தே பரிமாறப்படும்.

"அது பெரியவங்க வீடு. எங்க வீடு மட்டும் என்ன? சீசன் வந்துட்டா சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஆடி முடியுறவரை பாய் சுருட்ட நேரமிருக்காது" என்றாள் ஆச்சி.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம், "வித்துராதப்பா" என்றாள். வேறெதுவும் பேசவில்லை.

பஸ் தென்காசியைத் தாண்டியதும் கேட்டாள். "ராத்திரிக்கு எவ்வளவு குடுத்தட்டி?"

குறைத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு உள்ளதையே சொன்னேன்: "2,800 ரூபாய், ஆச்சி."

திட்டுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கலாம்" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "அடுத்த சீசனுக்கும் சொல்லி வச்சிரு. ரூம் வேண்டாம். தார்சா போதும்னு கேளு!"