குளச்சல் கரையில் ஒரு பட்டறை

பெரும்பாலும் துடுப்பையும் பாயையும் நம்பிக் கடலேறிய குமரிக் கடற்கரையில், 1980-களில் படகின் பின்புறத்தில் மாட்டும் சிறு யந்திரங்கள் பரவத் தொடங்கிய நாள்முதல், வள்ளம் கட்டும் ஆசாரிகளுக்குச் சமமான ஸ்தானத்தை அவற்றைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளும் பெற்றுவிட்டார்கள். அவர்களுடைய வித்தையை அருகிருந்து அறிய வேண்டுமென்னும் ஆவலால் குளச்சலில் ஒரு பட்டறைக்குச் சென்று, மூத்த மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்தேன்.

இங்கு வருபவற்றுள் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரையணையுமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்பரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். சரியாக எரியாத எண்ணெயின் கரி பிஸ்டன் தலையிலும் ரிங் பள்ளங்களிலும் படிந்து இறுகும்போது யந்திரத்தின் பலம் குன்றுகிறது. ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து, கையில் தட்டுப்படும் எதிர்ப்பைக் கொண்டே சிலிண்டரின் நிலையை அவர் கணித்துவிடுகிறார்.

ஆனால் கரியைவிடக் கொடிய சத்துரு உப்பு. எந்தக் கடல் நீரை உறிஞ்சி இந்த யந்திரம் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறதோ, அந்த நீரே உள்வழிகளில் உப்பைப் படியவிட்டு நாளடைவில் அவற்றை அடைத்துவிடுகிறது. அலுமினிய உடலில் இரும்பு போல்ட் முறுக்கப்பட்ட இடங்களிலோ, இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்பு மூண்டு, போல்ட்டும் உடலும் ஒன்றாகப் பற்றிக்கொள்கின்றன. பழைய மோட்டாரைப் புதுப்பிப்பதில் பாதி சாமர்த்தியம் அந்த போல்ட்டை முறியாமல் கழற்றுவதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, சுத்தியலால் இலேசாகத் தட்டி, சிறிது திருப்பி, உடனே பின்னுக்குத் திருப்பி, மறுபடி எண்ணெய் விட்டு அவர் செய்த வேலையில் அவசரத்தின் சாயலே இல்லை. பலத்தைப் பிரயோகித்த கணமே போல்ட்டின் தலை துண்டாகிவிடும். பிறகு துளையிட்டு எடுக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையைச் சூறையாடிய பின், மணலிலிருந்து தோண்டியெடுத்த யந்திரங்களைப் பற்றி அவர் சொன்னதை நான் மிகுந்த சிரத்தையுடன் கேட்டேன். கடலில் மூழ்கிய மோட்டாரைக் கரையேற்றிக் காற்றில் உலரவிட்டால் துரு விரைந்து தின்றுவிடும். ஆகையால் உடனே பிரிக்க முடியாதவற்றை நன்னீரில் மூழ்க வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, பிளக்கைக் கழற்றி உள்நீரை வெளியேற்றி, எண்ணெயிட வேண்டுமாம். நடுக்கடலில் யந்திரம் நின்றுபோனால் நீரோட்டத்தின் தயவில் விடப்படும் மனிதர்களின் உயிர் இத்தகைய ஞானத்தில் தங்கியிருக்கையில், இதற்குச் சான்றிதழோ தக்க ஊதியமோ இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தத்தையே தருகிறது.

நான் சென்றிருந்த அன்று அவரிடம் சீடனாக இருந்த இளைஞன், கடல் நீரை உறிஞ்சித் தரும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்துபோயிருந்ததால் அதை மாற்றி, மோட்டாரை நன்னீர்ப் பீப்பாயில் இறக்கிக் கிளப்பினான்.

"பக்கத்துத் துவாரத்துல வெள்ளம் வருதா பாரு மக்களே, கை வச்சா பொறுக்கணும்" என்றார் பெரியவர்.

நீர் சீராகப் பாய்ந்தது. மோட்டாரை வாங்கிக்கொள்ள வந்திருந்த மீனவரிடம், ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரில் சற்று ஓட்டிக் கழுவ வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

"குடிக்கவே குடத்தோட வரிசையில நிக்கிறோம், அண்ணே" என்றார் மீனவர்.

"அப்பம் இங்க தூக்கிட்டு வா, இந்தப் பீப்பாயில ஓட்டித் தாறேன்."

காசு எவ்வளவு என்று மீனவர் கேட்டதற்கு, பெரியவர் இம்பெல்லருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.