மூணு அங்குலம் மேலே!

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி வரப்போவது முழுக்க முழுக்க இரும்பு, கிரீஸ், போல்ட், நட்டு சமாசாரம். எனக்கும் இரும்புக்கும் அதுவரை இருந்த ஒரே சம்பந்தம், வீட்டு பீரோவின் சாவி என்னிடம் இருப்பதுதான். அதுவும் டூப்ளிகேட் சாவி.

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. மஹிந்திரா. 1996 மாடல். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரிட்டயர் ஆனபோது முதலாளியிடம் விலை பேசி அதை வாங்கி வந்தார். "இருபது வருஷம் அவங்க கணக்கை எழுதினேன். இது ஒண்ணைத்தான் என் கணக்குல எழுதிக்கிட்டேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓட்ட, அப்பா இடது பக்கம் உட்கார, போடிமெட்டுக்குப் போவோம். 17 கொண்டை ஊசி வளைவு. மேலே ஆளுக்கொரு டீ. இறங்கி வந்துவிடுவோம். வழியில் ஐந்து வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வது அந்த ஐந்து வார்த்தைதான்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்பில் கை வைத்தவன் என் நண்பன். பேங்க்கில் வேலை. லஞ்ச் அவரில் மொபைலில் வீடியோ பார்த்தே ஜீப் நிபுணர் ஆனவன். சொந்த வாகனம்? ஸ்கூட்டர்.

"மாப்ள, இந்த உயரத்தை வச்சுக்கிட்டு கொழுக்குமலைப் பக்கம் போனா வயித்துல கல்லு இடிக்கும். லிஃப்ட் கிட் போடு!"

"லிஃப்ட்டா? எத்தனாவது மாடிக்கு?"

அவன் சிரிக்கவில்லை. நிபுணர்கள் சிரிக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது நாலு ஸ்பிரிங் பட்டைகள். வில் மாதிரி வளைந்த பிளேட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு, இன்னும் அதிகமாக வளைந்த பட்டையைப் போட்டால் பாடி மேலே எழும்பும். பட்டையின் ஒரு முனை சேஸிஸோடு அசையாமல் பூட்டியிருக்கும். இன்னொரு முனை ஷேக்கிள் என்கிற சின்ன ஊஞ்சலில் தொங்கும். அந்த ஊஞ்சலை நீளமாகப் போட்டாலும் உயரும். ஆனால் ஒரு அங்குலம் நீட்டினால் அரை அங்குலம்தான் கிடைக்கும். ஏனென்றால் ஒரு முனைதான் இறங்குகிறது, ஆக்சில் இருப்பது நட்ட நடுவில். என் கிட்டில் பட்டைக்கு இரண்டரை, ஷேக்கிளுக்கு அரை. ஆக மொத்தம் மூன்று அங்குலம். விலை? என்னுடைய இரண்டு மாத எழுத்துக் கூலி. (எழுத்துக் கூலி தெரிந்தவர்கள் இதைச் சல்லிசு என்பார்கள்.)

பார்சல் வந்தது. நாலு பட்டைக் கட்டு, எட்டு யூ போல்ட், நாலு ஜோடி ஷேக்கிள், ஒரு பை நிறைய புஷ், ஒரு ஆங்கில விளக்கத் தாள். தாளின் முதல் வரி: 'தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தவும்.' நான் நேராக இரண்டாவது வரிக்குப் போய்விட்டேன்.

முதல் ஞாயிறு. முன் பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, பனியனோடு அடியில் நுழையப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, பேப்பரை இறக்காமலே சொன்னார்.

"ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்கு இல்ல. சேஸிஸுக்கு அடியில கட்டை வை."

கொல்லையிலிருந்து கனமான மரக்கட்டைகளைத் தூக்கி வந்து இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அப்புறம்தான் அவர் பேப்பர் அடுத்த பக்கத்துக்குப் போனது.

யூ போல்ட் நட்டுகள் அசைய மறுத்தன. 1996-லிருந்து அங்கேயே குடியிருப்பவை, காலி செய்யச் சொன்னால் சும்மா செய்யுமா? ராத்திரி பூரா டீசல் ஊற்றி ஊறவைத்தேன். மறுநாள் ஸ்பானர் நுனியில் ஒரு பைப்பைச் செருகி இழுத்தேன். 'டொக்' என்றது. நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். என் தோள்பட்டை.

இரண்டாவது ஞாயிறு புதுப் பட்டை. வளைவு அதிகம் என்பதால் அதன் இரண்டு முனைக்கும் இடையே தூரம் குறைவு. ஒரு முனையைப் பூட்டினால் மறு முனை ஷேக்கிளுக்கு எட்டவில்லை. ஜாக்கியால் மெல்ல மெல்ல அழுத்தி நிமிர்த்திச் சேர்ப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடாகிவிட்டது.

"நடு போல்ட்டுத் தலை, ஆக்சில்ல இருக்கிற குழியில உக்காந்துச்சா?" என்றார் அப்பா.

"அது எதுக்குப்பா?"

"அது உக்காரலேன்னா ஆக்சில் இடம் மாறிடும். முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம்னு வண்டி நாய் மாதிரி கோணிக்கிட்டு ஓடும்."

பார்த்தேன். ஒன்று உட்காரவில்லை. திரும்பக் கழற்றினேன்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் ஜீப் தரையில் இறங்கி நின்றது. நின்றதா அது! தெருவையே மேலிருந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள். நண்பன் ஸ்கூட்டரில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். என் மனைவி மட்டும், "இதுக்கு முன்னாடியும் ஓடிச்சு இல்லீங்க?" என்றாள்.

பெருமையோடு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். சேஸிஸ்: மூன்று அங்குலம் கூடியிருந்தது. அப்புறம் பின் ஆக்சில் நடுவே குடம் மாதிரி தொங்குமே, மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்பார்களே, அதன் அடிவயிற்றை அளந்தேன். முன்னால் எட்டு அங்குலம். இப்போது... எட்டு அங்குலம்!

இரண்டு தடவை அளந்தேன். யோசித்தால் புரிகிறது. பட்டை தூக்குவது பாடியை. ஆக்சில் உட்கார்ந்திருப்பது சக்கரத்தின் மேல். பெரிய டயர் போட்டால்தான் அது உயரும். பெரிய டயர் உரசாமல் இருக்க இடம் வேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாலும் இந்த லிஃப்ட்டே. அதாவது கல் முதலில் இடிக்கக்கூடிய இடம் அங்குலம்கூட அசையவில்லை! நண்பனிடம் கேட்டேன். "அடுத்தது டயர் மாப்ள" என்றான்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். "பின் சேஸிஸை ஜாக்கியில ஏத்து. சக்கரம் தொங்கட்டும்."

ஏற்றினேன். பாடி மேலே போக, ஆக்சில் தொங்க, சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. சுண்டினால் ஸ்வரம் வரும்.

"எஸ்டேட் பாதையில சக்கரம் குழியில தொங்கும்ப்பா. அந்த நேரம் இது அறுந்தா?" என்றார். பதிலை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சமதரையில் நிற்கும்போது அந்த ஹோஸ் சாதுவாகத்தான் தெரிந்தது. அப்படியே 17 வளைவுக்கும் அவரை உட்காரவைத்து ஓட்டிப் போயிருப்பேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1494-ல் வெனிஸில் அச்சான புத்தகத்தில் லூகா பாசியோலி விளக்கினாரே இரட்டைப் பதிவு முறை, அதை மூன்று வருடம் படித்தவன் நான். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். ஜீப்புக்கும் அதே விதிதான் என்று எந்த புரொபசரும் சொல்லித்தரவில்லை. வரவு: உயரம் மூன்று அங்குலம். பற்று: நீள ஹோஸ். பற்று: கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஜாயின்ட் இப்போது அதிகமாகச் சாய்ந்துவிட்டதால், 40-ஐத் தாண்டினால் ஜீப் பூரா ஒரு நடுக்கம். அதற்கு ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். ஆப்பு வைத்தேன். காசு கொடுத்து ஆப்பு வாங்கியவன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

எல்லாம் ஓரளவு சரியானது. அடுத்த ஞாயிறு, "கிளம்பலாமாப்பா?" என்றேன்.

"நீ போயிட்டு வா தம்பி. வெயில் ஒத்துக்கல."

காலை ஆறு மணி. மார்கழி மாசம்.

அதற்கடுத்த ஞாயிறு பேப்பர் முடியவில்லை. அதற்கடுத்து வயிறு சரியில்லை. நான் நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பதினேழு வளைவும் பேசினான். உயரம் ஏறியதால் வளைவில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்கிறது, அந்த நேரம் மட்டும் கப்சிப். எதிரே, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் நிரம்பி வழியப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில்கூட லிஃப்ட் கிட் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தோசையை வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நீங்க வெளியே போயிருந்தப்ப மாமா ரெண்டு தடவை ஜீப்புல ஏறிப் பார்த்தாருங்க. காலைத் தூக்கி வைக்க முடியல. முட்டி வலி. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் தூசி தட்டுற மாதிரி தட்டிட்டு உள்ளே வந்துட்டாரு."

தோசை இறங்கவில்லை.

மூன்று ஞாயிறு அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் இனிமேல் ஏற முடியாத உயரத்துக்கு ஜீப்பைத் தூக்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கட்டை வை என்றார், நடு போல்ட்டைப் பார் என்றார், ஹோஸைப் பார் என்றார். 'எனக்கு ஏற முடியாதுடா' என்பதை மட்டும் சொல்லவில்லை. பற்றுப் பக்கத்தில் ஹோஸை எழுதினேன், ஆப்பை எழுதினேன். இதை எழுத விட்டுவிட்டேன்.

"முக்காலி ஒண்ணு பின்னாடி போட்டுக்கலாம்ப்பா" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"எதுக்கு? நான் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போறேன்?"

அந்த வாரம்தான் இன்னொரு பற்றும் கண்ணில் பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது. சொந்த வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். என் ஒட்டகச்சிவிங்கியை எந்த முகத்தோடு நிறுத்துவேன்? சட்டம் தெரியாது என்பது சமாதானம் ஆகாது. இதையும் பி.காமில் மெர்க்கன்டைல் லா பேப்பரில் எழுதித்தான் பாஸ் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து ஜாக்கியை எடுத்தேன். கட்டை வைத்தேன். சத்தம் கேட்டு வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் இல்லை.

பழைய பட்டைகளைப் பட்டறையில் கொடுத்துத் தட்டி, புது புஷ் போட்டு வைத்திருந்தேன். ஏற்ற மூன்று ஞாயிறு பிடித்த வேலை, இறக்க ஒன்றரை நாளில் முடிந்தது. "கழட்டின யூ போல்ட்டை மறுபடி போடாதே. ஒரு தடவை இறுகினது நீண்டிருக்கும்" என்று அவர் சொல்வதற்கு முன்பே புதுசு எட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆப்பைக் கழற்றி, பழைய பட்டைக்கான அளவு ஹோஸையும் மாட்டி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வீணை வாசிக்கவில்லை.

கிட் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நண்பன் பாதி விலைக்குக் கேட்டான். ஸ்கூட்டரில் எங்கே மாட்டுவான் என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பா எனக்கு முன்னால் வாசலில் நின்றார். வெயில் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. கம்பியைப் பிடித்து, ஒரு மூச்சு வாங்கி, காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சாவியைத் திருகினேன்.

போடிமெட்டு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை வாங்கி ஒரு வாய் குடித்தவர், ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"புது யூ போல்ட்டு. கொஞ்சம் ஓடினதும் தளரும். திரும்பவும் முறுக்கணும், தெரியுமில்ல? ஸ்பானர் கொண்டாந்தியா?"

கொண்டு போயிருந்தேன். டீ கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்புக்கு அடியில் படுத்தேன்.