ஒரு தீக்குச்சி நீளம்

என் தங்கை மகளின் கலியாணத்துக்குப் பத்தமடைப் பாய் ஒன்று பரிசாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை வெகுநாள் மனத்திலேயே கிடந்து, முகூர்த்தத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போதுதான் காரியத்துக்கு வந்தது. கடைகடையாக ஏறி இறங்கும் வயதைக் கடந்துவிட்டவர்களுக்குக் கைப்பேசியே கற்பக விருட்சம் என்று வீட்டிலுள்ள இளைஞர்கள் சொன்னதை நம்பி, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு விற்பனைத் தளத்தில், ‘கையால் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய்’ என்ற தலைப்பின்கீழ்ப் பளபளவென்று கிடந்த ஒரு படத்தைக் கண்டு மயங்கி, பணத்தையும் கட்டினேன். ஆறாம் நாள் குழாய் போன்ற நீண்ட பொட்டலமாக வந்து சேர்ந்ததைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது செயற்கை இழையால் விசைத்தறியில் ஓட்டிய பாய். நிறம் மட்டும் படத்தில் கண்டபடியே இருந்தது.

அதைத் திருப்பியனுப்பிய விவகாரத்தை விஸ்தரிப்பதில் பயனில்லை. ஆனால் அதனால் உண்டான பிடிவாதம் என்னை மறுபடியும் தேட வைத்தது. இம்முறை வியாபாரிகளை விட்டுவிட்டு, நெய்கிறவர்களே தங்கள் கைவேலையைப் படம்பிடித்துப் போடும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகையில், பூச்சாடியோ திரைச்சீலையோ எந்த அலங்காரமும் இல்லாமல், சிமெண்டுத் தரையில் விரித்த பாயின் ஓரமும் அதன்மேல் கிடத்திய ஒரு தீக்குச்சியும் மாத்திரமே தெரியும் படம் ஒன்று கண்ணில் பட்டது. கீழே ஊர்ப்பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன; வருணனை ஒரு வரிகூட இல்லை. தீக்குச்சிக்கு அங்கே என்ன வேலை என்று விளங்காமலே அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்துப் பேசிய பெண், நான் விலை கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், “பட்டுப்பாயத் தொட்டுப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்போ ஒருநாள் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள். விற்கிறவரே வாங்குகிறவரைத் தாமதிக்கச் சொல்லும் விந்தைக்காகவே ஒரு பிரயாணம் போகலாம் என்று தோன்றிற்று.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது பத்தமடை. தாமிரவருணியிலிருந்து பிரிந்துவரும் கன்னடியன் கால்வாயின் தயவால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாழையுமாகத் தெரியும் ஊர். பிற்காலத்தில் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இங்கேதான். அவ்வளவு புகழ் பெற்ற ஊராயினும், வெளியூர்க்காரன் ஒருவன் பஸ்ஸைவிட்டு இறங்கினால், அவன் எதற்கு வந்திருப்பான் என்று கேட்காமலே, பாய் நெய்கிற தெருவுக்கு வழிகாட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தெருவில் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். நெய்கிறவர்கள் பெண்கள். நான் தேடிப்போன வீட்டில், முன்கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, தரையோடு தரையாகக் கிடந்தது தறி. தறி என்றதும் சேலைத்தறியை நினைத்துக்கொள்ளும் என் போன்றவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். மூங்கிலும் கயிறும் ஒரு மர அச்சும் சேர்ந்த அந்தச் சாதனத்தில் பல்சக்கரமும் இல்லை, மிதிகட்டையும் இல்லை. தறியின் முன் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். தொலைபேசியில் பேசியவள் அவருடைய மகள். “வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க” என்று அழைத்து, ஒரு பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னாள். அந்தப் பாயில் உட்காரத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது.

பாயின் கதை தறியில் தொடங்குவதில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரைகளிலும் ஈரம் தங்கும் இடங்களிலும் வளரும் கோரையை, அது பழுத்து விறைத்துப்போவதற்கு முன்பே பச்சையாக அறுத்து, கத்தியால் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். உலர்ந்ததைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் ஏறக்குறைய ஒரு வாரம் ஊறப்போட்டால், அது தன் இயல்பான பருமனைப்போல் பலமடங்கு உப்பிவிடும். அதை எடுத்து மறுபடி உலர்த்தி, மறுபடியும் கீறி மெலிதாக்கி, மெலிதானதையும் கீறி, கடைசியில் நாரா நூலா என்று சொல்ல முடியாத ஒன்றாக ஆக்கும்வரை அந்தப் பெண்கள் விடுவதில்லை. அம்மாள் தன் பெருவிரல் நகத்தையும் ஒரு சிறு கத்தியையும் கொண்டு ஒரே கோரையை எனக்காகப் பிளந்து காட்டினார். மூன்றாவது பிளவுக்குமேல் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய விரல்கள் மாத்திரம் இன்னும் எதையோ பிரித்துக்கொண்டிருந்தன. சாயத்துக்கு முன்காலத்தில் சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பெடுத்தார்கள். இப்போது கடைச்சாயமே வழக்கமாகிவிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை.

பாவு முழுவதும் பருத்தி நூல், ஊடைதான் கோரை. ஒரு நீண்ட குச்சியின் நுனியில் கோரையை மாட்டி, பாவு நூல்களின் ஊடே இழுத்துக் கொண்டுபோய், குச்சியை விடுவித்து, அச்சால் ஒருமுறை தட்டி நெருக்குகிறார். பிறகு அடுத்த கோரை. முற்பகல் முழுதும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தால் அதிகம். நூறு கவுண்ட் முதல் நூற்றுநாற்பது கவுண்ட் வரை போகும் உயர்ந்த ரகத்தைத்தான் பட்டுப்பாய் என்கிறார்கள். கவுண்ட் ஏற ஏற நெருக்கமும் மென்மையும் ஏறும், நாட்களும் ஏறும். ஒரு பாய்க்கு ஒரு மாதமும் ஆகலாம், அதற்குமேலும் ஆகலாம்.

“தீக்குச்சி எதுக்கு?” என்று அப்போதுதான் கேட்டேன்.

“படத்துல எல்லாப் பாயும் ஒண்ணுபோலத்தானே தெரியுது அண்ணாச்சி. மிசின் பாய்தான் இன்னும் பளிச்சுன்னு தெரியும். தீக்குச்சி எல்லார் வீட்லயும் இருக்குல்லா? அத வச்சா எத்தன கோரை அடங்கியிருக்குன்னு எண்ணிக்கிடலாம்.”

“எண்ணுவாங்களா?”

“ஒருத்தரும் எண்ணமாட்டாக” என்றார் தறியிலிருந்த அம்மாள், தலையைத் தூக்காமலே. “வெலையத்தான் எண்ணுவாக.”

மகள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், முடித்து வைத்திருந்த ஒரு பாயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்தபின்தான் அது பாய் என்று தெரிந்தது. நான்காக மடித்து, அதை இன்னும் மடித்து, ஒரு வேட்டியைப்போல் வைத்திருந்தாள். பட்டுப்பாயை மடித்துச் சிறு பெட்டியில் அடக்கிவிடலாம் என்பது அந்த ஊரின் பழம்பெருமை. அந்தப் பெருமைக்கு இக்காலத்தில் எதிர்பாராத ஒரு உபயோகம் ஏற்பட்டிருக்கிறது: மடிகிற பாய் சின்னப் பொட்டலமாகிக் கூரியரில் சுலபமாகப் போகிறது. சுருட்டியே அனுப்ப வேண்டிய முரட்டுப் பாய்க்கு, அதன் விலையில் பெரும்பங்கை அனுப்பும் கூலியே தின்றுவிடுவதால், அது ஊர்ச்சந்தையைத் தாண்டுவதில்லை. ஏழை படுக்கும் பாய் இருந்த இடத்திலேயே இருக்க, பணக்காரன் சுவரில் மாட்டும் பாய் மட்டும் தேசாந்தரம் போகிறது.

கைவினைஞரைத் தேடி வாங்குகிறவர் வரும் வழி காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போயிற்று என்பது ஊரார் சலிக்காமல் சொல்லும் செய்தி. அதற்கு முந்தைய வருஷந்தான் அகில இந்தியக் கைவினை வாரியம் தோன்றி, கமலாதேவி சட்டோபாத்யாய அதன் தலைமையை ஏற்று, கிராமத்துக் கைவேலையை நகரத்துக் கடைக்குக் கொண்டுசேர்க்கும் யத்தனத்தைத் தொடங்கியிருந்தார். 1973-இல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு கைத்திறத் தொழில் கழகம் ஏற்பட்டு, பூம்புகார் என்ற பெயரில் கடைகள் திறந்தன. பின்னர்ப் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்து, ஊரின் பெயருக்கே சட்டத்தின் காவல் வந்தது. அக்காவலையும் மீறி என் வீட்டுக்கு ஒரு போலி வந்து சேர்ந்ததைச் சொன்னபோது, அவர்கள் இருவரும் ஆச்சரியப்படவில்லை. “ஊர்ப்பேரப் போட்டுக்கிடலாம், கோரையப் போட முடியுமா?” என்று மட்டும் கேட்டாள் மகள்.

கைப்பேசி வந்தபின் என்ன மாறியிருக்கிறது என்று விசாரித்தேன். தரகரிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்ன விலைக்குக் காத்திருந்த காலம் போய், பாதிப் பணம் முன்னதாக வந்தபின் பாவு போடுகிற சௌகரியம் வந்திருக்கிறது. கலியாணப் பாயில் நெய்ய வேண்டிய மணமக்கள் பெயர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. அதில் ஒரு தொல்லையும் உண்டு. தட்டச்சில் அவசரமாக வரும் பெயரில் ‘ன’கரமும் ‘ண’கரமும் மாறிப்போனால், நெய்த எழுத்தை அழிப்பது முடியாத காரியம். ஆகையால் பெண்ணின் தகப்பனாரோ மாமனோ தன் கையால் காகிதத்தில் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும் என்று இவள் ஒரு விதி வைத்திருக்கிறாள். என்னையும் எழுதச் சொன்னாள். வளைந்து வளைந்து எழுதியே பழகிய என் எழுத்து, தறியில் கோணங்களும் படிகளுமாக மாறப்போவதை அவள் கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டியபோது, என் மருமகளின் பெயரை நானே முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மாறாதது ஒன்று உண்டு. படம் கண் இமைக்கும் நேரத்தில் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. பாய் அம்மாளின் கையைவிட்டு ஒருநாளைக்குச் சில விரற்கடைதான் நகர்கிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே நின்று, “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் மகளின் முக்கியமான உத்தியோகம். அவளும் நெய்வாள், ஆனால் உம்மாவைப்போல் நாள் முழுதும் உட்கார முடிவதில்லை என்று அவளே சொன்னாள். முதுகு வலிக்கிறது என்பது ஒரு காரணம். இந்தக் கூலிக்குத் தன் பெண்ணை உட்காரவைக்க மனமில்லை என்பது, அவள் சொல்லாமல் நானே ஊகித்துக்கொண்ட காரணம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அந்தச் சிறுமி தறியைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

ஐம்பது நாட்களுக்குப் பிறகு, ஒரு புத்தகப் பொட்டலம்போல் பாய் வந்து சேர்ந்தது. கலியாண வீட்டில் அதை விரித்துக் காட்டியபோது, சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கையால் தடவிப் பார்த்து வியந்து, உலக வழக்கப்படி, விலை என்ன ஆயிற்று என்று கேட்டார். விளக்கேற்றுவதற்காக வைத்திருந்த தீப்பெட்டி அருகிலேயே இருந்தது. அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பாயின்மேல் கிடத்தி, “இந்த நீளத்துக்குள் எத்தனை கோரை என்று எண்ணுங்கள், பிறகு விலை சொல்கிறேன்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு முறை எண்ணிக்கை தப்பிற்று. மூன்றாம் முறை தொடங்கியவர், பாதியில் நிமிர்ந்து, விலையைக் கேட்காமல், நெய்தவர் யார் என்று கேட்டார்.